ரேபிஸை ஆர்என்ஏ குறுக்கீட்டால் அடக்க முடியுமா? எலியோடு நின்றுபோனது ஏன்?

#1 · அரைகுறை_உயிரியலாளன்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கில் நாற்பது நிமிடம் பேச வேண்டும். ரேபிஸ் வைரஸுக்கு எதிராக ஆர்என்ஏ குறுக்கீடு என்ற தலைப்பை யாரும் என் தலையில் கட்டவில்லை, நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது முழி பிதுங்குகிறது.

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். புழுவுக்குள் இரட்டை இழை ஆர்என்ஏவைச் செலுத்தினால், அதே எழுத்து வரிசை கொண்ட மரபணு அடங்கிப்போகிறது என்று 1998இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் காட்டினார்கள். 2006இல் அதற்கு நோபல். நடுவில் 2001இல் தாமஸ் துஷ்லின் குழு, 21 எழுத்து நீளமுள்ள குட்டி இழைகளைக் கொடுத்தால் பாலூட்டிகளின் செல்களிலும் இது நடக்கிறது என்று காட்டியது. இந்தக் குட்டி இழைகளைத்தான் எஸ்ஐஆர்என்ஏ என்கிறோம். செல்லில் இருக்கும் ஆர்கோநாட் புரதம் அந்த ஜோடியில் ஒரு இழையை மட்டும் வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறது. அதோடு பொருந்தும் ஆர்என்ஏ எது எதிர்ப்பட்டாலும் நறுக்கிவிடுகிறது.

ரேபிஸோ ஆர்என்ஏ வைரஸ். மொத்தமே சுமார் 12,000 எழுத்து, ஐந்தே மரபணு. அதன் மரபுத்தொகையில் பொருந்துகிற மாதிரி ஒரு எஸ்ஐஆர்என்ஏ செய்து உள்ளே அனுப்பினால் வைரஸ் துண்டு துண்டாகிவிட வேண்டும் அல்லவா? 2007லிருந்தே கட்டுரைகள் வருகின்றன, செல்களிலும் எலிகளிலும் பலன் இருக்கிறது. அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட உறுதியாகக் கொல்லும் ஒரு நோய்க்கு இவ்வளவு நேரடியான வழி இருந்தும் மருந்து ஏன் வரவில்லை? பணம் போட ஆளில்லை என்பது மட்டும்தான் காரணமா?

#2 · பிப்பெட்_அக்கா

தம்பி, கருத்தரங்குக்கு முன்னால் கேட்டது நல்லதாயிற்று. "மரபுத்தொகையை வெட்டிவிடலாம்" என்று மேடையில் சொல்லியிருந்தால் முதல் வரிசையில் இருந்தே கை தூக்கியிருப்பார்கள்.

ரேபிஸின் மரபுத்தொகை செல்லுக்குள் ஒருபோதும் வெறும் ஆர்என்ஏவாகத் திரிவதில்லை. நியூக்ளியோ புரதம், அதாவது என் (N) புரதம், அதன் மேல் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். ஒரு புரத மூலக்கூறுக்கு ஒன்பது எழுத்து என்ற கணக்கில் தலை முதல் கால் வரை மூடியிருக்கும். ஆர்கோநாட் வழிகாட்டி இழையோடு வந்து நின்றாலும் பொருத்திப் பார்க்க எழுத்துகள் வெளியே தெரியாது. கவசம் போட்ட ஆளைக் கிள்ளினால் அவருக்கு உறைக்குமா? நகலெடுக்கும்போது உருவாகிற எதிர்நகலுக்கும் இதே கவசம்தான்.

கவசம் இல்லாதது தூது ஆர்என்ஏ மட்டும். ரேபிஸ் எதிர்மறை இழை வைரஸ், அதன் மரபுத்தொகையை ரைபோசோமால் நேரடியாக வாசிக்க முடியாது. வைரஸின் பாலிமரேஸ் அதிலிருந்து ஐந்து தூது ஆர்என்ஏக்களை எழுதி வெளியே விட வேண்டும். அவை நம்முடைய தூது ஆர்என்ஏ போலவே தொப்பியும் வாலும் வைத்துக்கொண்டு ரைபோசோமைத் தேடிப் போகும். நாம் வெட்டுவது அதை. ஆக, இந்த முறையால் வைரஸின் மூலப்பிரதியைத் தொட முடியாது. அதன் புரத உற்பத்தியைத்தான் நிறுத்துகிறோம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள், பின்னால் உதைக்கப் போவது இதுதான்.

அடுத்தது, எந்த மரபணுவைக் குறி வைப்பது. வரிசை என் (N), பி (P), எம் (M), ஜி (G), எல் (L). பாலிமரேஸ் ஒரு முனையில் மட்டும் ஏறும். ஒவ்வொரு மரபணு எல்லையிலும் கொஞ்சம் பாலிமரேஸ்கள் இறங்கிவிடும். அதனால் என் தூது ஆர்என்ஏதான் எண்ணிக்கையில் அதிகம், எல் குறைவு. என் (N) மரபணுவை அடித்தால் கவசம் செய்ய ஆள் இல்லாமல் புதிய மரபுத்தொகை உருவாவது தடைபடும், ஆனால் வெட்ட வேண்டிய சரக்கு மலை போல இருக்கும். எல் (L) மரபணுவை அடித்தால் வெட்ட வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் எல் என்பதே பாலிமரேஸ், ஒரு நொதி, கொஞ்சம் மிஞ்சினாலும் வேலையை ஓட்டிவிடும். பெரும்பாலான குழுக்கள் என் (N) மரபணு பக்கம்தான் சாய்ந்தன. எனக்கென்னவோ பி மீது ஒரு கண். அதைப் பிறகு சொல்கிறேன், ஜெல் ஓடிக்கொண்டிருக்கிறது.

#3 · சந்தேகப்பேர்வழி

அக்கா சொன்னது சரி. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கட்டுரைகளில் வைரஸ் குறைந்தது உண்மையிலேயே ஆர்என்ஏ குறுக்கீட்டாலா?

இரட்டை இழை ஆர்என்ஏவைப் பார்த்தாலே பாலூட்டிச் செல் "வைரஸ் வந்துவிட்டது" என்று அலறும். 30 ஜோடிக்கு மேல் நீளமானால் இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்பு எச்சரிக்கைப் புரதம் பொங்கும் என்பது பழைய செய்தி. 21 எழுத்துக் குட்டி இழைகளும் டிஎல்ஆர்3 என்ற ஏற்பியைத் தூண்டுகின்றன, அதுவும் எழுத்து வரிசை எதுவானாலும் தூண்டுகின்றன என்று 2008இல் தெரியவந்தது. கண்ணில் ரத்தக்குழாய் வளர்ச்சியை எஸ்ஐஆர்என்ஏ தடுக்கிறது என்று கொண்டாடிய முடிவுகளில் ஒரு பகுதி அதோடு ஆட்டம் கண்டது. ரேபிஸ் இன்டர்ஃபெரானுக்கு அஞ்சும் வைரஸ். எஸ்ஐஆர்என்ஏ கொடுத்தோம், வைரஸ் குறைந்தது என்றால், குறைத்தது கத்தியா அலறலா என்று எப்படித் தெரியும்? எழுத்துகளைக் கலைத்துப் போட்ட கட்டுப்பாட்டு இழை ஒன்று வைத்தோம் என்பார்கள். அந்தக் கலைத்த இழையும் அதே அளவு அலறவைக்கிறதா என்று எத்தனை பேர் அளந்தார்கள்?

#4 · பிப்பெட்_அக்கா

நியாயமான அடி. ஆனால் செல் ஆய்வுகளுக்கு இந்த அடி அவ்வளவாக விழாது. ரேபிஸ் ஆய்வுகள் பலவும் பிஹெச்கே-21 என்ற வெள்ளெலிச் சிறுநீரகச் செல்லில் நடந்தவை. சாவ் பாவ்லோ குழு 2007இல் என் (N) தூது ஆர்என்ஏவைக் குறி வைத்ததும் அதில்தான். பிஹெச்கே செல் இன்டர்ஃபெரான் உற்பத்தியில் மந்தம். வைரஸ் வளர்க்க அது தோதாக இருப்பதற்கே அது ஒரு காரணம். அலற நாக்கு இல்லாத செல்லில் வைரஸ் குறைந்தால் கத்தியைத்தான் பாராட்ட வேண்டும்.

எலி வேறு கதை. அங்கே உன் சந்தேகம் அப்படியே நிற்கிறது.

#5 · கால்நடை_டாக்டர்

எலி பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இஸ்ஸத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வைத் தம்பி கட்டாயம் பார்க்க வேண்டும். எஸ்ஐஆர்என்ஏவை அப்படியே கொடுக்காமல், அதை உற்பத்தி செய்யும் மரபணுவை அடினோவைரஸ் ஒன்றில் ஏற்றி எலியின் மூளைக்குள் நேரடியாக ஊசி மூலம் செலுத்தினார்கள். ரேபிஸ் வைரஸை மூளையில் போடாமல் உடலின் வேறு இடத்தில் செலுத்தினார்கள். ஏறக்குறைய பாதி எலிகள் பிழைத்தன.

பாதி என்றால் சிலருக்குச் சப்பென்று இருக்கும். ரேபிஸில் பாதி என்பது எனக்கு மயிர்க்கூச்செறிய வைத்த எண். ஆனால் நன்றாகப் பாருங்கள், மருந்து மூளையில், வைரஸ் உடலின் ஓரத்தில். வாசலில் காவல்காரனை உட்காரவைத்துவிட்டுத் திருடனுக்குக் காத்திருக்கிற அமைப்பு இது. திருடன் வீட்டுக்குள் புகுந்து பீரோவையும் திறந்த பிறகு காவல்காரனை அனுப்பினால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு இந்த ஆய்வில் விடை இல்லை.

இன்னொன்று. 2009இல் பாங்காக் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகக் குழு ஒரே இழைக்குப் பதில், எஸ்ஐஆர்என்ஏ போலவே தூது ஆர்என்ஏவை அடக்கும் செயற்கை மைக்ரோ ஆர்என்ஏக்கள் பலவற்றைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. தனித்தனியாகக் கொடுப்பதைவிடச் சேர்த்துக் கொடுத்தால் அடக்குதல் கூடியது. செல்லில்தான்.

(நாய்க்கு இப்படி ஒரு மருந்து தேவையா என்று யாராவது கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: தேவையில்லை. நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் பரவல் அறுபடும் என்பதுதான் உலகம் முழுக்க வைத்திருக்கும் இலக்கு. நாங்கள் பேசுவது மனிதருக்கான மருந்து.)

#6 · புதுமுகம்77

மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். தேடும்போது இந்த இழை கண்ணில் பட்டது. நேற்று மாலை ஒரு நாய் காலில் கடித்துவிட்டது. பல் லேசாகப் பதிந்து கொஞ்சம் ரத்தம் வந்தது, பெரிய காயம் இல்லை. ஊசிக்குப் பதில் இந்த ஆர்என்ஏ மருந்து எங்காவது கிடைக்குமா?

#7 · நரம்பியல்_ஓய்வு

இல்லை. கிடைக்காது, அப்படி ஒரு மருந்தே இல்லை. இந்த இழையை மூடிவிட்டு எழுந்திருங்கள்.

காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து பதினைந்து நிமிடம் கழுவுங்கள், நேற்றே கழுவியிருந்தாலும் பரவாயில்லை. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் வந்த கடி என்பதால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும், அதை நீங்களே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நாயைக் கவனித்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். முழுத் தவணையையும் முடியுங்கள். காயம் சிறியதா பெரியதா என்று வைரஸ் பார்ப்பதில்லை.

போய்விட்டு வந்து இங்கே ஒரு வரி எழுதுங்கள்.

#8 · மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதில் இழையின் தலையில் ஒட்டப்பட்டுள்ளது. கடிபட்டவர்கள் முதலில் அதைப் படிக்கவும், பிறகு இழையைப் படிக்க வேண்டிய தேவையே இருக்காது.

#9 · அரைகுறை_உயிரியலாளன்

டாக்டருக்கு நன்றி. படிக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

இழைக்குத் திரும்பினால், அக்கா, ஒவ்வொரு நோயாளிக்கும் மண்டையைத் துளைத்து ஊசி போட முடியாது. ரத்தத்தில் கொடுத்து மூளைக்குப் போகவைக்கும் ஆர்விஜி என்ற பெப்டைடு பற்றிப் படித்தேன். அது ரேபிஸிலிருந்தே எடுத்ததா? நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனா?

#10 · பிப்பெட்_அக்கா

தப்பாகப் படிக்கவில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதையே அதுதான்.

ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் தடுப்புச் சுவர் இருக்கிறது. எஸ்ஐஆர்என்ஏ பெரியது, முழுக்க எதிர்மின்னூட்டம், அதைக் கடக்கவே கடக்காது. ரேபிஸ் வைரஸுக்கு நரம்புச் செல்லை அடையாளம் காணும் கலை தெரியும். அதன் மேலுறையில் இருக்கும் கிளைக்கோபுரதம் நரம்பில் இருக்கும் அசிட்டைல்கோலின் ஏற்பியைப் பற்றிக்கொள்ளும். 2007இல் மஞ்சுநாத் ஸ்வாமி, பிரேம்லதா சங்கர் ஆகியோரின் குழு அந்தக் கிளைக்கோபுரதத்தில் 29 அமினோ அமிலத் துண்டு ஒன்றை மட்டும் எடுத்தது. அதன் பின்னால் ஒன்பது ஆர்ஜினைனைக் கோத்தது. ஆர்ஜினைன் நேர்மின்னூட்டம், எஸ்ஐஆர்என்ஏ தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். எலியின் வாலில் உள்ள ரத்தக்குழாயில் ஊசி போட்டால் சரக்கு மூளையின் நியூரான்களில் இறங்கியது. ஜப்பானிய மூளையழற்சி வைரஸ் ஏற்றிய எலிகளில் சுமார் 80 சதவீதம் பிழைத்தன, மருந்து கிடைக்காதவை செத்தன.

கொலைகாரனின் சாவியைத் திருடி இன்னொரு வீட்டைக் காப்பாற்றிய கதை. 2011இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று அதே பெப்டைடைச் செல்கள் உமிழும் நுண்குமிழ்களான எக்சோசோம்களின் மேல் பதித்து மூளைக்கு எஸ்ஐஆர்என்ஏ அனுப்பியது. இப்போது மூளைக்குச் சரக்கு அனுப்பும் கட்டுரைகளைத் திறந்தால் ஆர்விஜி கண்ணில் படாமல் போகாது.

#11 · சந்தேகப்பேர்வழி

கட்டுரையில் கண்ணில் படும். மருந்துக்கடையில் படாது.

ஒப்புதல் பெற்ற எஸ்ஐஆர்என்ஏ மருந்துகளை எடுத்துப் பாருங்கள். 2018இல் பட்டிசிரான், 2019இல் கிவோசிரான், அப்புறம் லுமாசிரான், இன்க்ளிசிரான், வுட்ரிசிரான். எல்லாம் போய்ச் சேருவது கல்லீரலுக்கு. ஏனென்றால் கல்லீரல் செல்லில் கால்நாக் என்ற சர்க்கரையைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி மண்டிக்கிடக்கிறது. கொழுப்புத் துகளில் வைத்து அனுப்பினாலும் கல்லீரல்தான் முதலில் விழுங்குகிறது. மூளைக்கு அப்படிப்பட்ட ஒரு சுலப வாசல் இன்னும் கிடைக்கவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள், அந்த ஜப்பானிய மூளையழற்சி எலிகளுக்கு முதல் மருந்து போட்டது வைரஸ் ஏற்றிய அன்றே. எந்த நோயாளி வைரஸ் நுழைந்த அன்றே வந்து நிற்கிறார்? அப்படி வந்து நிற்பவருக்கு டாக்டர் மேலே சொன்ன ஊசியே போதுமே.

#12 · நரம்பியல்_ஓய்வு

கடைசி வரியில் விஷயத்தைத் தொட்டுவிட்டீர்கள். அதை விரித்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடித்த இடத்தில் வைரஸ் பெரும்பாலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும். பிறகு நரம்பு முனையில் ஏறி, நியூரானின் உட்பாதையில் இருக்கும் டைனீன் என்ற மோட்டார் புரதத்தில் தொற்றிக்கொண்டு பின்னோக்கிப் பயணிக்கும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 மில்லிமீட்டர் என்பது ஆய்வகத்தில் மனித நியூரான்களில் அளந்த வேகம். இந்தக் காலம் முழுவதும் ஆள் நன்றாகத்தான் இருப்பார். தடுப்பூசி ஜெயிப்பது இந்த இடைவெளியில்தான். 1885 ஜூலை 6 அன்று பாஸ்டர் நாய் கடித்த சிறுவன் ஒருவனுக்கு முதல் ரேபிஸ் ஊசி போட்டபோதே இந்த இடைவெளியைத்தான் நம்பினார்.

நோயாளி என் முன்னால் வந்து உட்காரும்போது இடைவெளி முடிந்துவிட்டிருக்கும். தண்ணீர் டம்ளரைப் பார்த்ததும் தொண்டை இறுகும் அந்தக் காட்சியை நான் சில தடவை பார்த்திருக்கிறேன், விவரிக்க விருப்பமில்லை. அந்தக் கட்டத்தில் வைரஸ் மூளைத்தண்டு முதல் புறணி வரை எங்கும் இருக்கும். அங்கிருந்து கீழே இறங்கி உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் போயிருக்கும். பெரும்பாலானோருக்கு இருப்பது ஒரு வாரம், பத்து நாள்.

ஆக ஆர்என்ஏ குறுக்கீடு நிற்க வேண்டிய இடம் அந்த ஒரு வாரம். அதற்கு முன்னால் அதற்கு வேலை இல்லை, அங்கே தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் அதைவிட நன்றாக வேலை செய்கின்றன.

அந்த ஒரு வாரத்தில் என்ன நடக்கும் என்று நேர்மையாக யோசித்துப் பாருங்கள். பிப்பெட் அக்கா முதலிலேயே சொன்னார், வெட்டுவது தூது ஆர்என்ஏவை மட்டும் என்று. ஏற்கெனவே செய்து முடித்த புரதங்கள் அப்படியே இருக்கும். கவசமிட்ட மரபுத்தொகை அப்படியே இருக்கும். மருந்தின் பலம் குறைந்ததும் அதிலிருந்து மறுபடி தூது ஆர்என்ஏ எழுதப்படும். முதுகுத்தண்டு நீரில் கொடுக்கும் மருந்தும் மூளையின் ஆழத்துக்குப் பரவ நேரம் எடுக்கும். 2019இல் மாசசூசெட்ஸில் அனஸ்தேசியா க்வோரோவாவின் குழு இரண்டு எஸ்ஐஆர்என்ஏக்களை ஜோடியாகக் கட்டி எலி மூளை முழுவதும் பரவவைத்தது, பலன் ஆறு மாதம் நீடித்தது. அருமையான வேலை. ஆனால் அதன் அழகு நீண்ட நாள் நீடிப்பதில் இருக்கிறது. ஹண்டிங்டன் போல வருடக்கணக்கில் நகரும் நோய்க்கு அது வரம். ரேபிஸுக்கு வேண்டியது மணிக்கணக்கு.

அப்படியானால் முழுக்கக் கைவிட வேண்டியதுதானா என்றால், ஒரு விஷயம் என்னை அப்படிச் சொல்லவிடாமல் தடுக்கிறது. ரேபிஸில் இறந்தவரின் மூளையைத் திறந்து பார்த்தால், அவ்வளவு பெரிய சாவுக்கு ஈடான அழிவு அங்கே தெரியாது. நியூரான்கள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும், வேலைதான் செய்யாது. வைரஸ் தன் வாகனத்தை எரிப்பதில்லை. காப்பாற்ற ஏதோ மிச்சம் இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் 2004இல் மில்வாக்கியில், வௌவால் கடித்த 15 வயதுப் பெண் ஒருவரைச் செயற்கை மயக்கத்தில் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். அவர் பிழைத்தார். அதே முறையை வைத்துப் பிறகு பல இடங்களில் முயன்றார்கள், அநேகமாக எல்லாம் தோல்வி. அந்தப் பெண்ணிடம் சேர்க்கும்போதே எதிர்ப்பான்கள் உருவாகியிருந்தன. மயக்கம் காப்பாற்றியதா அவர் உடல் காப்பாற்றியதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என் ஓட்டு உடலுக்கு.

#13 · சந்தேகப்பேர்வழி

டாக்டர், இதற்குத் தோதாக எபோலா கதையைத் தம்பியின் உரையில் சேர்க்கச் சொல்வேன். அதுவும் எதிர்மறை இழை வைரஸ், ரேபிஸின் ஒன்றுவிட்ட சொந்தம். 2010இல் எஸ்ஐஆர்என்ஏவைக் கொழுப்புத் துகளில் வைத்து ரீசஸ் குரங்குகளுக்கு ஏழு தடவை கொடுத்தார்கள், நான்கில் நான்கும் பிழைத்தன. 2015இல், பரவிக்கொண்டிருந்த மகோனா வகைக்கே எழுத்துகளைத் திருத்தி, தொற்றிய மூன்று நாள் கழித்துக் கொடுத்தும் மூன்றில் மூன்று குரங்கு பிழைத்தன. அதே மருந்தை அதே வருடம் சியரா லியோனில் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். உயிர் பிழைப்போர் எண்ணிக்கை கூடவில்லை, சோதனையை நிறுத்தினார்கள்.

அங்கே கடக்க வேண்டிய மூளைத் தடுப்புச் சுவர்கூட இல்லை. கல்லீரலே எபோலாவின் முக்கியமான கூடு, கொழுப்புத் துகள் தானாகப் போய்ச் சேரும் இடம். அவ்வளவு சாதகமான ஆட்டத்திலேயே முற்றிய நோயாளியிடம் தோற்றது.

#14 · அரைகுறை_உயிரியலாளன்

மனம் தளர்கிறது. ஒரு யோசனை: வைரஸை விட்டுவிட்டு, அது பிடித்து ஏறும் ஏற்பியின் மரபணுவையே அடக்கினால்? ஏறப் படி இல்லாவிட்டால் அடுத்த நியூரானுக்கு எப்படிப் போகும்?

#15 · பிப்பெட்_அக்கா

படி ஒன்றுதான் என்றால் நல்ல யோசனை. அசிட்டைல்கோலின் ஏற்பி, என்கேம், பி75 என்று இதுவரை சொல்லப்பட்டவையே பல. ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்றில் ஏறும். தவிரவும் அவை நியூரானுக்கு வேண்டியவை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே.

பி மரபணு பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன். பி புரதம் பாலிமரேஸுக்குக் கைத்துணை, அது இல்லாமல் எல் புரதத்தால் எழுத முடியாது. அதோடு அது செல்லின் வாயைப் பொத்தும் வேலையும் பார்க்கிறது. இன்டர்ஃபெரான் உற்பத்தியைத் தொடங்கும் ஐஆர்எஃப்3 பாதையையும் தடுக்கும், வெளியிலிருந்து வரும் இன்டர்ஃபெரான் செய்தியைச் செல்லின் உட்கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்1 புரதத்தையும் மடக்கிப் பிடிக்கும். பியைக் குறைத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: பாலிமரேஸ் தடுமாறும், செல்லின் அலறலும் வெளியே கேட்கும். சந்தேகப்பேர்வழி #3இல் குறையாகச் சொன்ன அலறல் இங்கே நமக்கு வேண்டியதாகிவிடுகிறது.

நியூரானுக்குள் நெக்ரி உடலங்கள் என்று நுண்நோக்கியில் தெரிகிறதே, 1903இல் அடெல்கி நெக்ரி பார்த்தவை, அவைதான் வைரஸின் தொழிற்சாலை. எண்ணெய்த் துளி தண்ணீரில் பிரிவதுபோலப் பிரிந்து நிற்கும் திரவத் துளிகள் அவை என்று 2017இல் காட்டினார்கள். வைரஸின் ஆர்என்ஏ அங்கே எழுதப்படுகிறது, ஆனால் ரைபோசோம்கள் துளிக்கு வெளியே. தூது ஆர்என்ஏ வெளியே வந்தே ஆக வேண்டும், நாம் பிடிப்பது அங்கேதான்.

இன்னொரு தலைவலி, வைரஸ் தப்பித்துக்கொள்வது. எல் புரதத்துக்குப் பிழை திருத்தத் தெரியாது. குறியிட்ட 21 எழுத்தின் நடுவில், முக்கியமாக வெட்டு விழும் 10, 11ஆம் இடங்களுக்குப் பக்கத்தில், ஒரு எழுத்து மாறினாலும் கத்தி மழுங்கிவிடும். போலியோவிலும் எச்ஐவியிலும் 2002, 2003 வாக்கிலேயே இது தெரிந்துவிட்டது. ரேபிஸில் ஆய்வகத்தில் வளர்க்கும் வகையும் தெருவில் திரியும் வகையும் எழுத்தில் வேறுபடும், நாய் வழி வருவதும் வௌவால் வழி வருவதும் வேறுபடும். நோயாளி வந்து படுத்த பிறகு எந்த வகை என்று எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்க்க நேரம் இல்லை. அதனால் மாறாத பகுதிகளைத் தேடி இரண்டு மூன்று இடங்களை ஒரே சமயத்தில் அடிக்க வேண்டும். பாங்காக் குழு பல இடங்களை அடித்த முறை எனக்குச் சரியாகப் படுவது இதனால்தான்.

#16 · நரம்பியல்_ஓய்வு

பி பற்றிச் சொன்னது பிடித்திருக்கிறது. ஒன்றைச் சேர்க்கிறேன். வைரஸை நிறுத்துவது பாதி வேலை, துடைத்தெறிவது மீதி. துடைப்பது எதிர்ப்பான்களும், அவற்றைச் செய்யும் வெள்ளணுக்களான பி (B) செல்களும். கொல்லும் வகை ரேபிஸில் மூளைத் தடுப்புச் சுவர் திறப்பதில்லை. வீரியம் குறைத்த வகைகளில் திறக்கிறது, அந்த எலிகள் பிழைக்கின்றன. ஆக ரத்தத்தில் எதிர்ப்பான் நிறைய இருந்தும் மூளைக்குள் போகாமல் நோயாளி இறக்கிறார். 2020இல் இரண்டு எதிர்ப்பான்களை எலியின் மூளை நீரறைக்குள்ளேயே தொடர்ந்து செலுத்தி, அறிகுறி தொடங்கிய பிறகும் சில எலிகளைக் காப்பாற்றினார்கள். அறிகுறிக்குப் பிறகு என்பதுதான் அதில் பெரிய விஷயம்.

எஸ்ஐஆர்என்ஏவைத் தனி ஆளாகச் சண்டைக்கு அனுப்பாதீர்கள். எதிர்ப்பான் வந்து துடைக்கும்வரை உற்பத்தியைப் பிடித்து வைக்கும் ஆளாக அனுப்பினால் ஒருவேளை அதற்கு ஒரு வேலை இருக்கும்.

#17 · புதுமுகம்77

டாக்டர் ஐயா, போய்விட்டு வந்தேன். தடுப்பூசி போட்டார்கள். காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள், அதுதான் வலித்தது. அடுத்த ஊசி மூன்றாம் நாள். நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் தேடிக்கொண்டேதான் இருந்திருப்பேன்.

#18 · நரம்பியல்_ஓய்வு

மூன்றாம் நாளை மறக்காதீர்கள்.

#19 · அரைகுறை_உயிரியலாளன்

உரையின் முதல் பாதியை அழித்துவிட்டேன். "ஆர்என்ஏ வைரஸ், அதனால் ஆர்என்ஏ கத்தி" என்று தொடங்கியிருந்தேன். இப்போது வைரஸ் பயணத்தின் காலக்கோட்டை வரைந்து, அதில் ஒவ்வொரு எலி ஆய்வும் எந்த இடத்தில் மருந்து கொடுத்தது என்று புள்ளி வைத்திருக்கிறேன். புள்ளிகள் எல்லாம் இடது பக்கம் குவிந்து நிற்கின்றன, நோயாளி நிற்கும் வலது பக்கம் காலி. வரைந்து பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

கேள்வி நேரத்தில் "அப்படியானால் எந்த ஆய்வு வந்தால் நம்புவாய்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

#20 · பிப்பெட்_அக்கா

தெரு வகை வைரஸ். மூளையில் போடக்கூடாது, காலின் தசையில். எடை குறைந்து நடை தடுமாறத் தொடங்கிய பிறகே முதல் மருந்து, அதுவும் மண்டையைத் துளைக்காமல். பி (P), என் (N) இரண்டு மரபணுவையும் சேர்த்து அடிக்கும் கலவை, தனியாக ஒரு கூட்டம், எதிர்ப்பானோடு ஒரு கூட்டம், எதிர்ப்பான் மட்டும் ஒரு கூட்டம். கட்டுப்பாட்டு இழையாக முழுக்கக் கலைத்ததை வைக்காதே. அதே இழையில் 9, 10, 11ஆம் எழுத்துகளை மட்டும் மாற்றியதை வை. வெட்டாது, ஆனால் மற்ற எல்லா விதத்திலும் அசலைப் போலவே நடந்துகொள்ளும். மூளையிலிருந்து வைரஸின் தூது ஆர்என்ஏவை எடுத்து, வெட்டு சரியாகப் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் விழுந்திருக்கிறதா என்று வரிசைப்படுத்திக் காட்ட வேண்டும். இன்டர்ஃபெரான் அளவும் பக்கத்திலேயே வேண்டும்.

#21 · சந்தேகப்பேர்வழி

அதை யாராவது செய்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

#22 · கால்நடை_டாக்டர்

பெயர் இருக்கட்டும். தெரு வகை வைரஸைக் கையாள அதற்குரிய பாதுகாப்பு உள்ள விலங்குக் கூடம் வேண்டும், தினமும் எலியின் நடையைப் பார்த்துக் குறிக்கத் தடுப்பூசி போட்டுக்கொண்ட ஆட்கள் வேண்டும், அவர்கள் ரத்தத்தில் எதிர்ப்பான் அளவை அவ்வப்போது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தம்பி, இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள். பணம் போட ஆளில்லையா என்று முதல் பதிவில் கேட்டாயே, அதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

#23 · அரைகுறை_உயிரியலாளன்

சேர்த்துவிட்டேன் டாக்டர். அக்கா, காலக்கோட்டுப் படம் முதலிலா கடைசியிலா?

#24 · பிப்பெட்_அக்கா

முதலில். அப்புறம் நீ என்ன பேசினாலும் அந்தக் காலி வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.